ஓய்வு நேரப் பக்கம்: பொம்மைச் சிப்பாயின் தோல்வார்

சென்ற இதழில் இப்பக்கத்தில், பழைய சுவர்க் கடிகாரங்களைத் துடைத்து எண்ணெயிடும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் எழுதப் புகுவது, நம் வீட்டுப் பிள்ளைகளிற் சிலர் பெற்றோர் முகஞ்சுளிக்கும்படி ஈடுபட்டிருக்கும் ஒரு வேலையைப் பற்றி. மேசை மேல் படை பரப்பி ஆடும் விளையாட்டுக்கான சிறு உருவங்களுக்கு வர்ணம் தீட்டுவதே அது. அதிலும் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவ்வுருவங்கள் அணிந்திருக்கும் வார், செருப்பு, உறை, பெட்டி முதலிய தோற்பொருள்களைத் தோல் என்றே கண் நம்பும்படி தீட்டுவது எப்படி என்பது. இதற்கு ஒரு முழுப் பக்கமா என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வெள்ளீயம் கலந்த உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த மனித உருவங்கள் இவை. பெரும்பாலானவற்றின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். மேசை மேல் குன்று, வேலி, குடிசை முதலியன அமைத்து, உருவங்களை அணிவகுத்து, அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வி காண்பார்கள். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில், பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடுவதற்கு விதிகள் வகுத்து வெளியிட்டார். 1983-இல் இங்கிலாந்தில் 'வார்ஹாமர்' என்ற ஆட்டம் வெளிவந்த பிறகு, சரித்திரப் படைகளோடு பூதங்களும் குள்ளர்களும் மேசையேறினர். உருவங்கள் பெரும்பாலும் வர்ணமின்றியே விற்கப்படுகின்றன. வாங்கியவரே தீட்டிக்கொள்ள வேண்டும். ஆடுவதைவிடத் தீட்டுவதிலேயே பொழுதைக் கழிப்பவர்கள் பலர். என் பேரன் அவர்களில் ஒருவன்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். பரீட்சை நெருங்கும் காலத்தில் பொம்மைக்குப் பொட்டு வைக்கிறானே என்று அவன் தகப்பனுக்கு, அதாவது என் மகனுக்கு, மிகுந்த வருத்தம். வர்ணப் பெட்டியை ஒரு முறை பரண் மேல் ஏற்றியும் விட்டான். பிள்ளையோ அதன்பின் சாப்பாட்டு வேளையிலும் பேசுவதை நிறுத்திக்கொண்டான். செம்பூரில் இரண்டு அறை வீட்டில் ஒருவன் பேசாதிருந்தால் அந்த மௌனம் எல்லோர் தலையிலும் இடிக்கும். என் மனைவிதான் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கிக் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேரன் ஓர் உருவத்தைக் கொண்டுவந்து என் செய்தித்தாளின் மேல் நிறுத்தி, "தாத்தா, இதில் என்ன தப்பு? ஏதோ தப்பு என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை" என்றான்.

கும்பினியார் காலத்துச் சென்னைப் படைச் சிப்பாய் ஒருவன். ஏறக்குறைய 1805-ஆம் ஆண்டுக் கோலம். முகம் நன்றாக இருந்தது. சிவப்புச் சட்டையின் மடிப்புகளில் நிழல் காட்டியிருந்தான், அதுவும் நன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். செருப்பு, தோட்டாப் பெட்டி, துப்பாக்கியின் வார், துப்பாக்கிமுனை ஈட்டியின் உறை எல்லாம் ஒரே பழுப்பு. கருப்பட்டிப் பாகை விரலால் தொட்டு ஆங்காங்கே அப்பியது போல் இருந்தது.

"தோல் எல்லாம் ஒன்றாக இருக்கிறதே" என்றேன்.

"தோலுக்கு என்ன நிறம் தாத்தா?"

அவன் கேட்டது வர்ணத்தைப் பற்றி. எனக்கு உடனே நினைவில் வந்தது என் தகப்பனாரின் கைந்நகம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய தமிழர் பலர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அவ்வழக்கம் இருந்தது. அவ்வாறு வந்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். நாங்கள் அவரை ஐயா என்றே அழைப்போம். அவர் முதலாளியும் அல்லர், கணக்கரும் அல்லர். தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் நீங்கிய தோலைப் பட்டைச் சாற்றில் நாட்கணக்காகப் புரட்டிப் புரட்டி ஊறவைப்பது அவர் வேலை. அதனால் அவருடைய கைகள் மணிக்கட்டு வரையில் ஒரு நிறமும் அதற்கு மேல் வேறு நிறமுமாக இருந்தன. நகங்கள் நல்ல செம்பழுப்பு. நகக்கண் ஓரத்தில் மட்டும் கறுப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. வாடையும் போகாது. நான் பள்ளியில் என் தகப்பனார் மில் ஆபீசில் குமாஸ்தா என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யை ஐந்தாம் வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரையில் காப்பாற்றினேன். என் மகனுக்குக்கூட அவனுடைய தாத்தா 'ஒரு கம்பெனியில்' இருந்தார் என்பதற்கு மேல் நான் கூறியதில்லை.

பேரனிடம் அன்று அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், தோலின் நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை யாவும் அந்தத் தொட்டியிலிருந்து வந்தவை. அதை மறைத்துவிட்டு இதை மட்டும் சொல்ல இயலவில்லை. அவன் உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். முடிவில், "அப்படியானால் உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று மட்டும் கூறி வர்ணப் பெட்டியைத் திறந்தான். நான் எதிர்பார்த்தது வேறு.

இனி விஷயத்துக்கு வருவோம். தோல் என்பது ஒரு நிறம் அன்று. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காய்ச் சாற்றில் முடித்த தோல், புதிதாக இருக்கையில் வைக்கோலைப் போல வெளிறிய மஞ்சளாக இருக்கும். அப்பால் எண்ணெய் ஏற ஏறத் தேன் நிறமாகும். வெயிலும் வியர்வையும் பட்டுப் பழுப்பாகும். கை ஓயாது படும் இடத்தில் கருத்து மினுங்கும். ஆகவே ஒரே துண்டில் நாலு நிறம் உண்டு. பேரனுக்கு வாயால் சொன்னால் போதாது என்று அடுத்த சனிக்கிழமை தாராவிக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இன்று தோலைப் பதனிடுவதைவிடப் பை, பணப்பை, இடுப்பு வார் முதலியன தைத்து விற்கும் தொழிலே மிகுதி. ஒரு கடையில் எடைக்கு விற்கும் துண்டுத் தோலில் ஒரு கைப்பிடி வாங்கினோம். பட்டையில் பதனிட்ட துண்டு எது, குரோமிய உப்பில் பதனிட்டது எது என்று பிரித்துக் காட்டினேன். குரோமியத் தோலை வெட்டிய விளிம்பில் பெரும்பாலும் ஒரு நீலச் சாம்பல் தெரியும். மேற்பரப்பு முழுதும் ஒரே சீராகச் சாயமேறியிருக்கும். அந்த முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொழிலுக்கு வந்தது. எனவே 1805-இன் சிப்பாய்க்கோ, வாளேந்திய பழங்கால வீரனுக்கோ, இன்றைய காலணிக் கடையைப் பார்த்துத் தோல் தீட்டுவது பிழை. பட்டைத் தோலைப் பார்த்தே தீட்டவேண்டும்.

வாங்கிய துண்டுகளில் ஒன்றைப் பாதி மறைத்து ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டோம். மூன்று வாரத்தில் வெயில் பட்ட பாதிக்கும் படாத பாதிக்கும் இடையே கோடு கிழித்தாற்போல நிறம் மாறிவிட்டது. வர்ணம் தீட்டும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் செய்து பார்க்கலாம்; செலவு அற்பம்.

அடுத்தபடியாக, அந்தச் சிப்பாயின் மேல் எத்தனை இடத்தில் தோல் உண்டு என்று எண்ணினோம். மார்பில் குறுக்கே செல்லும் வார்கள் இரண்டு. தோட்டாப் பெட்டி ஒன்று. ஈட்டி உறை ஒன்று. துப்பாக்கி வார் ஒன்று. செருப்பு ஒன்றாகக் கணக்கு. இவை ஆறு. ஏழாவது தலைப்பாகையின் முன்புறத்தில், நெல்லின் நுனியளவே உள்ள ஒரு சிறு வட்டம். அதைப் பேரன் வெண்கலப் பித்தான் என்று நினைத்துப் பொன்னிறம் பூசியிருந்தான். அது பித்தான் அன்று, தோற்சின்னம். அதைப் பற்றிப் பின்னர்.

ஏழும் தோல், ஆயினும் ஏழுக்கும் உழைப்பு வேறு. மார்பு வார்கள் வெண்மையானவை. அக்காலத்தில் ஆங்கில முறைப் படைகளில் மழமழப்பில்லாத தடித்த தோல் வாருக்கு வெண்களிமண் பூசி வெளுப்பாக்குவது வழக்கம். அதற்குத் தூய வெள்ளையைத் தீட்டினால் துணி நாடாவாகத் தோன்றும். முதலில் வெளிறிய சாம்பல் கலந்த மஞ்சளைத் தீட்டி, நடுவில் வெள்ளை ஏற்றி, இரு ஓரத்திலும் அடிநிறத்தை மயிரிழையளவு விட்டுவிட வேண்டும். தோள்பட்டை மேல் துப்பாக்கி சாயும் இடத்தில் வெள்ளை சிறிது தேய்ந்து அடியிலுள்ள தோல் தெரியட்டும். அவ்வளவே.

செருப்புக்குத்தான் அதிக வேலை. இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஐந்தரை அடி மனிதனை 28 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் அறுபதில் ஒரு பங்கு. இரண்டு அடி தூரத்திலிருந்து அவனைப் பார்ப்பது, நிஜ மனிதனை 120 அடிக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அத்தொலைவில் ஒருவனுடைய செருப்பின் மடிப்பு நமக்குத் தெரியுமா? தெரியாது. அன்றியும் இத்தனை சிறிய பொருளில் விளக்கொளி தானாக ஆழ்ந்த நிழலை விழச் செய்யாது. ஆகையால் நிழலையும் ஒளியையும் நாமே மிகைப்படுத்தித் தீட்ட வேண்டியுள்ளது. தெருக்கூத்துக்காரர் அரிதாரத்தைத் தடிப்பாகப் பூசுவதும் இக்காரணம் பற்றியே.

முறை யாதெனில், முதலில் உருவம் முழுவதற்கும் கறுப்பு அல்லது கரும்பழுப்பு அடிப்பூச்சு. மும்பைவாசிகளுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. மழைக்காலத்தில் டப்பாவிலிருந்து பீச்சும் பூச்சுகளைப் பயன்படுத்த வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் சேர்ந்து, உருவம் சாம்பல் பூத்தது போலாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தூரிகையாலேயே பூசுவது உத்தமம். வர்ணம் அக்ரிலிக். பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், கறுப்பு, வெள்ளை ஆகிய ஐந்து இருந்தால் உலகிலுள்ள தோலெல்லாம் தீட்டிவிடலாம். இதற்கென்றே பிரத்தியேகமாகச் சிறு புட்டிகளில் வரும் வர்ணங்களும் உண்டு. அவற்றின் பெயர்களே ஒரு வேடிக்கை. 'ஸ்னேக்பைட் லெதர்' என்று ஒன்று. பாம்பு கடித்த தோலாம். 2019-இல் வந்த 'கான்ட்ராஸ்ட்' வகையில் அந்தப் பெயருள்ள வர்ணத்தை வெளிறிய அடிப்பூச்சின் மேல் ஒரே முறை பூசினால், பள்ளத்தில் கருத்தும் மேட்டில் வெளுத்தும் தானே நின்றுகொள்கிறது. அவசரக்காரர்களுக்கு நல்லது. ஆயினும் அதில் எல்லாச் செருப்பும் ஒரே செருப்பாக வருவதால் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை.

கையால் தீட்டுவோர், அம்பரில் கறுப்பு ஒரு துளி கலந்து, பால் போல நீர்க்கக் கரைத்து, இரண்டு தடவை பூசவும். ஓவியத் திரைக்கென்று விற்கும் குழாய் வர்ணம் குழைவாக இருக்கும். அதை அப்படியே பூசினால் செருப்பின் வாரும் விரலும் ஒன்றாக மூடிப்போகும். தண்ணீர் தாராளமாகச் சேர்க்க வேண்டும். காய்ந்தபின் அம்பரும் சியன்னாவும் கலந்து மேட்டிடங்களில் மட்டும் தீட்டவும். அதன்மேல் ஓக்கர் சேர்த்து இன்னும் குறுகிய இடத்தில் தீட்டவும். மூன்றுக்கும் இடையே எல்லை கரடாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். இப்பொழுது அம்பரைத் தேநீர் போல நீர்க்கச் செய்து எல்லாவற்றின் மேலும் ஒரு தடவை ஓட்டினால் அது பள்ளங்களில் இறங்கித் தங்கும், எல்லைகள் இசைந்துவிடும். இதைப் பிள்ளைகள் 'வாஷ்' என்கிறார்கள். மிகுதியாகத் தேங்கிய இடத்தில் உலர்ந்த தூரிகை நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இல்லையேல் காய்ந்தபின் குளத்துக் கரைபோல் வட்டம் விழும்.

இதுவரை செய்தது பழுப்பு நிறப் பொருள். இன்னும் தோல் ஆகவில்லை. தோலாக்குவது தேய்மானம். பொடி பொடியாகப் புள்ளி வைத்துச் சற்று வெளிறிய நிறத்தைக் குதிகாலிலும் பெருவிரல் அழுந்தும் இடத்திலும் ஏற்றவேண்டும். விளிம்பில் ஓக்கரும் வெள்ளையும் கலந்த மெல்லிய கோடு. அதுவும் தொடர்ச்சியாக அன்று, விட்டு விட்டு. வெடிப்புக் காட்ட விரும்பினால் ஒரு கருங்கோடு இழுத்து, அதன் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு வெளிர்கோடு இழுத்தால், வெடித்த இடத்தில் ஒளி பட்டது போலாகும். ஆனால் எங்கே தேயும் என்று எண்ணாமல் கண்ட இடத்திலெல்லாம் கீறல் போடுவதுதான் இளம் தூரிகைக்காரர்கள் செய்யும் பிழை. பேரனும் தோட்டாப் பெட்டியின் நடு மூடியில் கீறினான். "அந்த இடத்தில் எது உரசும்?" என்று கேட்டேன். யோசித்தான். பிறகு வீட்டிலிருந்த என் பழைய இடுப்பு வாரை எடுத்துக் கட்டிக்கொண்டு, பெட்டிக்குப் பதில் அகராதியை அதில் தொங்கவிட்டு, கூடத்தில் மேலும் கீழும் நடந்தான். அகராதி இடுப்பெலும்பில் இடித்தது. கை அதன் கீழ் மூலையைப் பற்றித் திறந்தது. மூடியின் கீழ் விளிம்பும் உட்பக்கமும் தேயும் என்று தானே கண்டுபிடித்தான். என் மகன் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். இடுப்பில் அகராதி தொங்கும் மகனைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் குளிக்கச் சென்றுவிட்டான்.

தூரிகையைப் பற்றி ஒரு வார்த்தை. இருப்பதிலேயே மெல்லியதை வாங்குவது அறிவுடைமை ஆகாது. அதன் நுனியிலுள்ள வர்ணம் உருவத்தை எட்டுமுன் காய்ந்துவிடும். ஒன்றாம் எண் தூரிகை, கூர் நன்றாகச் சேர்வதாக இருந்தால் போதும்.

கறுப்புத் தோல் தனிப் பாடம். தோட்டாப் பெட்டியும் உறையும் கறுப்பு. பேரன் கறுப்பின் மேல் சாம்பல் கோடிட்டு வைத்திருந்தான். அது இரும்பாகத் தெரிந்தது. ஐயா எனக்குச் சிறுவயதில் காட்டிய ஒரு வித்தையை அவனுக்குக் காட்டினேன். கடுக்காயை நசுக்கிக் கொதிக்கவைத்த நீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். அதில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்தால் மறுநாள் மை போலக் கருத்துவிடும். பட்டையில் பதனிட்ட தோலுக்கு முன்னாளில் கறுப்பேற்றியது இந்த இரும்பும் துவர்ப்பும் கூடித்தான். ஐயாவின் நகக்கண்ணில் இருந்த கறுப்பும் அதுவே. தொட்டியைச் சுற்றி இரும்புக்கா குறைவு? அப்படிக் கறுத்த தோல் மேற்பரப்பில்தான் கறுப்பு. தேய்ந்தால் உள்ளிருந்து வெளிப்படுவது பழுப்பு, சாம்பல் அன்று. ஆகவே கறுப்புத் தோலின் தேய்ந்த விளிம்பில் செம்பழுப்பையே இழுக்க வேண்டும். பளபளக்கும் வளைவில் மட்டும் நீலம் கலந்த சாம்பலை ஒரு சிறு புள்ளி வைத்தால் போதும். மறுநாள் காலை கடுக்காய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு, அதன்படி பெட்டியைத் திருத்தினான். அன்றுதான் அது தோற்பெட்டியாயிற்று.

இனி அந்த ஏழாவது. 1805-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் படையில் புதுவகைத் தலைப்பாகைக்கு உத்தரவு பிறந்தது. பார்வைக்கு ஐரோப்பியர் தொப்பி போன்றது. முன்புறத்தில் தோலாலான சின்னம். நெற்றிக் குறியும் காதணியும் கூடாது, தாடி மழிக்க வேண்டும் என்ற கட்டளைகளும் கூட வந்தன. 1806 மே மாதத்தில் வேலூரில் ஒரு படைப்பிரிவினர் அதை அணிய மறுத்தனர். மறுத்தவர்களிற் சிலருக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். அங்கிருந்த ஆங்கிலப் படையினரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். திப்புவின் மக்கள் காவலில் இருந்த கோட்டை அது. மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற தளபதி குதிரைப் படையோடு அன்று காலையே வந்து கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பிற்பாடு அத்தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. கவர்னர் பென்டிங்கும் சேனாதிபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். எழுச்சிக்கு வேறு காரணங்களும் உண்டென்பது சரித்திர ஆசிரியர் பலர் கருத்து. ஆயினும் தலைப்பாகையை விட்டுவிட்டு அக்கதையைச் சொல்வார் இல்லை.

ஆங்கிலப் படையினரின் தொப்பிச் சின்னம் அக்காலத்தில் கறுப்பாக இருந்தமையால் நாங்களும் கறுப்பே கொண்டோம். பொன்னிறத்தைச் சுரண்டிவிட்டுப் பேரன் முதல் கறுப்பை வைத்தான். வைத்துவிட்டுத் தூரிகையைக் கீழே போட்டான்.

"தாத்தா, இவன் காலில் தோல். மார்பில் தோல். பெட்டி, உறை எல்லாம் தோல். இது ஒன்றுக்கு மட்டும் ஏன்?"

தலை என்பது ஒன்று, மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்ற ஐயம் இரு மதத்தார்க்கும் உண்டாயிற்று என்பது ஒன்று, தம்மை மதம் மாற்றும் ஏற்பாடு என்று அஞ்சினர் என்பது ஒன்று. எனக்குத் தெரிந்தவரையில் சொன்னேன். அவன் அடுத்துக் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்படியானால் கொள்ளுத்தாத்தா நாளெல்லாம் கையில் வைத்திருந்ததைத்தான் இவர்கள் தலையில் வைக்கமாட்டோம் என்றார்களா?"

நான் சிறிது நேரம் விடை சொல்லவில்லை. அந்தச் சிப்பாய்களை வீரர்களென்று போற்றியே நான் வளர்ந்தேன். இன்றும் அவ்வாறே எண்ணுகிறேன். ஐயாவுக்கு அருகில் பஸ்ஸில் உட்காராமல் எழுந்து நின்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பள்ளி வாசலில் அவரைக் கண்டதும் மறுபுறம் சென்ற ஒரு பையனையும் அறிவேன். இவை இரண்டையும் ஒரே மேசையில் வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. "அவர்களுக்கு அது கட்டளையாக வந்தது, மறுத்தவனை அடித்தார்கள். அதுதான் பொறுக்கவில்லை" என்றேன். "மற்றது?" என்றான். "மற்றதும் இருந்தது" என்றேன். அவன் தலையசைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தான்.

அந்தச் சின்னத்தின் மேல் தேய்மானம் எதுவும் இடவேண்டாம் என்று தீர்மானித்தோம். புதிதாகக் கொடுத்த பொருள். எவனும் விரும்பி அணியாதது. அது தேய்ந்திருக்க வழியில்லை. கறுப்பு, அதன்மேல் ஒரே ஒரு வெளிர்ப்புள்ளி. உருவம் முழுவதற்கும் ஒளியற்ற வார்னிஷ் பூசி, பெட்டி, உறை, சின்னம் ஆகிய மூன்றுக்கு மட்டும் சிறிது மினுக்குள்ள வார்னிஷைத் தூரிகை நுனியால் தொட்டோம். மினுக்கு எல்லா இடத்திலும் இருந்தால் உருவம் முழுதும் எண்ணெயில் முக்கியது போலாகிவிடும்.

முடிந்த உருவத்தை என் மகனும் பார்த்தான். கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னிடம், "தாத்தா தாராவியில் எந்தத் தெருவில் இருந்தார்?" என்று கேட்டான். பிள்ளை அவனிடம் சொல்லியிருக்கிறான் போலும். அதற்குப் பின் பெட்டி பரண் ஏறவில்லை. பரீட்சை முடியும் வரையில் ஞாயிறு மட்டும் என்று இருவருக்குள்ளும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருக்கிறது.

பேரன் தோலுக்கென்று கலந்த வர்ணத்தை ஒரு காலி மருந்துப் புட்டியில் ஊற்றி வைத்திருக்கிறான். பிற வர்ணங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டுபவன், இதற்குத் தமிழில் 'அய்யா' என்று எழுதி ஒட்டியிருக்கிறான். எழுத்து கோணல்தான். எழுத்துக்கூட்டலைத் திருத்த வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். தீட்டவேண்டிய சிப்பாய்கள் இன்னும் பதினைந்து பேர் இருக்கிறார்கள், புட்டியோ பாதியாகிவிட்டது. மறுபடி கலக்கும்போது நிறம் மாறாதிருக்க அளவைக் குறித்து வைத்திருக்கிறோம். வேண்டுவோர்க்கும் பயன்படலாம்: பர்ன்ட் அம்பர் நான்கு துளி, பர்ன்ட் சியன்னா இரண்டு, மஞ்சள் ஓக்கர் ஒன்று, கறுப்பு ஊசிமுனையளவு. தண்ணீர் பிறகு.

அடுத்த இதழில், தூரிகையின் கூர் கெடாமல் பல ஆண்டுகள் வைத்துக்கொள்வது எப்படி என்பது.